ஜீப்பின் உயரமும் எங்கள் ரோட்டின் கதையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். ஜீப் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம் பாடசாலை விட்டு கேற்றடியில் நின்றுகொண்டிருந்தோம். எங்களிடம் வரலாறு படித்த பழைய மாணவன் ஒருவன் தன் ஜீப்பைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினான். பழைய மித்சுபிஷி ஜீப். வண்டிக்கு எங்களைவிட வயது கூட. மேலே உள்ள ஒரு தோட்டத்து டிவிஷனுக்கும் டவுனுக்கும் இடையில் ஆட்களையும் மாவு மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் ஏற்றி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. அன்று வண்டி ஆளே மாறியிருந்தது. 33 அங்குல டயர் நான்கு. ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் ஷேக்கிளை நீளமாக அடித்துப் பூட்டி, பட்டையும் கூட்டி, உடம்பை மூன்று அங்குலம் மேலே தூக்கியிருந்தான். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று டயரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"எப்படி சேர்?" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

நாங்கள் பதில் சொல்வதற்குள், வழமையாக அவன் வண்டியில் போகும் தோட்டத்து அம்மா ஒருவர் சாமான் பையோடு வந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், காலைத் தூக்கினார், எட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இனிமே ஏணி ஒன்னும் சேத்து வச்சிருப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பிறகு கை கொடுத்து ஏற்றிவிட்டான்.

அன்று அவனுக்கு நாங்கள் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறோம். அவனைப் போலவே வண்டியை உயர்த்த நினைக்கும் பிள்ளைகள் இப்போது நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள்.

முதலில் பழைய கதை. இந்த மலையில் சாமான் ஏற்றுவது என்றால் தொடக்கத்தில் சக்கரமே கிடையாது. கண்டி இராச்சிய காலத்தில் மலைக்கு உப்பும் கருவாடும் துணியும் வந்ததும், இங்கிருந்து பாக்கும் மிளகும் இறங்கியதும் தவளத்தில்தான். தவளம் என்றால் பொதி சுமக்கும் மாடுகளின் வரிசை. அந்தத் தொழிலில் எங்கள் முஸ்லிம் முன்னோர்கள் முன்னணியில் இருந்தார்கள் என்பதை வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மாட்டுக்கு அச்சு இல்லை, கல்லில் இடிபட ஒன்றும் இல்லை. ஒற்றையடிப் பாதை போதும். இன்றைய ஜீப்காரர் தேடும் அந்த 'அடி உயரம்' மாட்டுக்குக் காலிலேயே இருந்தது.

கோப்பி வந்தது. 1869 இல் இலைநோய் பிடித்து அதற்கடுத்த இருபது வருடத்துக்குள் அது போனது, தேயிலை வந்தது. வண்டில் மாடு ஏற ரோட்டு வெட்டினார்கள். புகையிரதம் 1874 இல் நாவலப்பிட்டிக்கும் 1884 இல் ஹற்றனுக்கும் வந்துசேர்ந்தது. அதன்பிறகு தோட்டத்து ரோட்டுக்கு இருந்த வேலை ஒன்றுதான்: பக்டரியில் இருந்து தேயிலைப் பெட்டியை ஸ்டேசன்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. எந்த ரோட்டும் லயத்து வாசலுக்காக வெட்டப்படவில்லை. பெட்டி போகும் இடம்வரை கல் பாவினார்கள். அதற்கு மேலே ஆட்கள் நடந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி ஜீப். 1940 இல் அமெரிக்க இராணுவம் சின்னதாக, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியொன்று வேண்டுமென்று கம்பனிகளைக் கேட்டது. பேண்டம் என்ற சின்னக் கம்பனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் பெரிய எண்ணிக்கையில் செய்தவர்கள் வில்லிஸும் போர்டும். போர் முடியும்போது ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 80 அங்குலம், டயர் 6.00-16. உயரம் ஏறக்குறைய 28 அங்குலம் வரும் மெலிந்த டயர். இன்றைக்குப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் பர்மாக் காட்டுச் சேறு முதல் ஆபிரிக்க மணல்வரை அந்த டயரில்தான் ஓடினார்கள். வண்டி பாரம் குறைவு, நீளம் குறைவு, கியர் பலம். அதில்தான் அதன் கெட்டித்தனம் இருந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் டில்லியில் இருந்து கண்டிக்கு இடம்மாறியபோது எங்கள் மலைநாடே ஒரு போர்த் தலைமையகமாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தியாவில் ஜீப் என்றாலே மஹிந்திரா. அந்தக் கம்பனி 1945 இல் தொடங்கும்போது அதன் பெயர் 'மஹிந்திரா அன்ட் மொஹம்மட்'. பங்காளி குலாம் முஹம்மத். பிரிவினையில் அவர் பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பின்னர் ஆளுநர் நாயகமும் ஆனார். 1948 இல் கம்பனிப் பெயரில் மொஹம்மட் போய் இன்னொரு மஹிந்திரா வந்தது. மூணார்ப் பக்கம், சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இன்றும் ஆட்களை ஏற்றிப் போவது ஜீப்தான். எங்கள் உறவுகள் பலருடைய பூட்டன் பூட்டியின் ஊர் அந்த மலையின் கீழ்ப் பக்கம்தான்.

லேண்ட் ரோவருக்கு வருவோம். ரோவர் கம்பனியின் தலைமை எஞ்சினியர் மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் பழைய போர் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது போனால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள். போருக்குப் பின் இரும்புத் தகடு தட்டுப்பாடு என்பதால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தற்செயல்தான், ஆனால் எங்கள் மழைக்கு அதைவிடப் பொருத்தம் வேறொன்றில்லை. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் வட்டவளை மழையில் இரும்பு உடம்பு என்னவாகும் என்று இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை.

தோட்டங்களில் அது துரையின் வண்டி. பெரட்டுக்குத் துரை வருகிறார் என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயாளியைக் கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, நான்கு பேர் தோளில் சுமந்துபோன காலம் அது. அதே ரோட்டில் அந்த வண்டி ஏறி இறங்கியது. சில துரைமார் அவசரத்துக்குக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் கேட்டால் இரண்டு விதமான கதையும் கிடைக்கும்.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுக்குப் போயின. அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு. உதிரிப்பாகம் கிடையாது. எங்கள் நாட்டுக் கராஜ் பாஸ்மாரின் உண்மையான திறமை அந்தக் காலத்தில்தான் வெளியே வந்தது என்பது எங்கள் எண்ணம். இல்லாததை வைத்து ஓட்டப் பழகினார்கள். 1977 க்குப் பிறகு ஜப்பான் எஞ்சின்கள் வந்ததும், பெற்றோல் குடிக்கும் லேண்ட் ரோவருக்குள் ஜப்பான் டீசல் எஞ்சினை இறக்கினார்கள். மித்சுபிஷி ஜீப்பும் வந்தது. 4டிஆர்5 எஞ்சின் என்றால் மலைநாட்டில் தெரியாத ஓட்டுநர் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, துருப்பிடித்துக் கிடந்த ஜீப்புகளுக்கெல்லாம் மறுபடி உயிர் வந்தது. எங்கள் மாணவனின் வண்டியும் அப்படி எழுந்து வந்த ஒன்றுதான்.

பெரிய டயரும் இந்தக் கதைக்குள் பழைய காலத்திலேயே வந்துவிட்டது. இதை யூடியூப்பில் வந்த புது ஸ்டைல் என்று நினைக்க வேண்டாம். 1962 இல் லேண்ட் ரோவர் கம்பனியே 'பார்வேர்ட் கொன்ட்ரோல்' என்று ஒரு பாரவண்டி செய்தது. ஓட்டுநர் இருக்கை எஞ்சினுக்கு மேலே, டயர் 9.00-16. வழமையான 109 அங்குல வண்டியின் சட்டத்தின் மேல் உயரமும் பாரமும் பெரிய டயரும் ஏறின. நடந்தது என்ன? வண்டி தலைப்பாரமாகிப் போனது. பின் அச்சுத் தண்டு முறிந்தது. 1966 இல் அதே கம்பனி அதைத் திருத்தியது. பலமான அச்சு போட்டார்கள், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினார்கள், முன்னால் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி ஒன்று பூட்டினார்கள், பின் ஸ்பிரிங் இருக்கும் இடத்தையும் மாற்றினார்கள். வண்டியைப் படைத்த எஞ்சினியர்மாரே டயரைப் பெரிதாக்கிவிட்டு நான்கு வருடம் கழித்து மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது என்பதைத்தான் அந்தப் பிள்ளைக்கு முதலில் சொன்னோம். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ரோட்லெஸ் என்ற கம்பனி காட்டு வேலைக்காக லேண்ட் ரோவருக்கு ட்ராக்டர் சக்கரமே பூட்டியது. அவர்களும் அச்சை அகலப்படுத்தாமல் அதைச் செய்யவில்லை.

ஐஸ்லாந்து நாட்டைப் பாருங்கள். 38 அங்குல டயர் போட்ட ஜீப்புகள் அங்கே சாதாரணம். பனிக்கு மேலே புதையாமல் மிதந்து போக வேண்டும் என்பதற்காக டயரின் காற்றை மிகவும் குறைத்து ஓட்டுவார்கள். ஆனால் அவர்கள் முடிந்தவரை வண்டியை உயர்த்துவதில்லை. சக்கரம் இருக்கும் இடத்துத் தகட்டை வெட்டி இடம் எடுத்து, உடம்பைத் தாழ்வாகவே வைத்து, டிபரன்ஷியல் பல்லை டயருக்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள். அமெரிக்காவின் கதை வேறு. சென் லூயிஸ் நகரத்தில் பொப் சான்ட்லர் என்பவர் தன் போர்ட் பிக்அப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 'பிக்புட்' என்று பெயர் வைத்தார். 1981 இல் பழைய கார்களுக்கு மேலால் ஏற்றி நசுக்கிக் காட்டினார். பிறகு 66 அங்குல டயர்வரை போனார். அது மைதானத்தில் டிக்கெட் விற்கும் வேடிக்கை. அதில் யாரும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவதில்லை. எங்கள் பிள்ளைகளின் போனில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் என்பது எங்கள் கவலை.

இனிக் கரும்பலகை. அடுத்த நாள் அவனைப் பாடசாலைக்கே வரச்சொல்லி, வெறும் வகுப்பறையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. பழைய டயர் 28 அங்குலம், புதியது 33 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் நிலத்தில் இருந்து அது உயர்வது அதில் பாதிதான், இரண்டரை அங்குலம். ஸ்பிரிங்கால் உயர்த்திய மூன்று அங்குலத்தால் அச்சு ஒரு நூல்கூட உயராது. உடம்பு மட்டும்தான் மேலே போகும். கல்லில் இடிபடுவது அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் கோளம். அதைக் காப்பாற்ற ஸ்பிரிங் உயர்த்துவதால் பயனில்லை. பெரிய டயர் உரசாமல் சுற்ற இடம் கொடுப்பதற்கும், வண்டியின் மூக்கும் வயிறும் மேட்டில் தட்டாமல் இருப்பதற்கும்தான் அது. இதைக் கேட்டபோது அவன் முகம் கொஞ்சம் மாறியது.

அடுத்தது வேகமானி. அது டயரைப் பார்த்துச் சொல்வதில்லை, தண்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணித்தான் சொல்கிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் ஓடும். முள் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 47 இல் போகும். இழுவை கிட்டத்தட்ட 15 வீதம் குறையும். அதே பிரேக்கை அதே பலத்தில் மிதித்தால் நிற்கும் பலமும் அதே கணக்கில் குறையும்.

கடைசியாகச் சரிவு. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 48 அங்குலம், வண்டியின் பாரமையம் நிலத்தில் இருந்து 26 அங்குலம் என்று கணக்குக்காக எடுப்போம். அரை அகலம் 24 ஐ 26 ஆல் வகுத்தால் 0.92. டயரால் இரண்டரை, ஸ்பிரிங்கால் மூன்று. ஆக பாரமையம் 31.5 ஆகிறது. 24 ஐ அதால் வகுத்தால் 0.76. வளைவில் வண்டியைப் புரட்டத் தேவையான பக்க விசை அவ்வளவு குறைந்துவிட்டது. வேகத்தில் சொன்னால் பழைய எல்லையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இழந்துவிட்டோம். கூரையில் மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: புரளும் வேகம் குறைந்திருக்கிறது, உண்மையான வேகத்தை முள் குறைத்துக் காட்டுகிறது. கித்துல்கலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில், மழையும் மூட்டமும் சேர்ந்த நேரத்தில், பின்னால் பத்துப் பேர் இருக்கும்போது இந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் கேட்டோம். பதில் சொல்லவில்லை. சோக்கட்டியை எடுத்து 0.76 க்குக் கீழே ஒரு கோடு போட்டான்.

கணக்கில் வராத சாமான்களும் உண்டு. உடம்பு உயர்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அறுந்தும் போகலாம். புரொப்பெல்லர் தண்டின் சாய்வு கூடி அதன் ஜொயின்ட் தேயும். ஸ்டியரிங் கம்பியின் கோணம் மாறி, குழியில் விழும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். நல்ல பாஸ் ஒருவர் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். ஷேக்கிளை மட்டும் நீட்டி மலிவாக முடித்துத் தருகிறோம் என்பவரிடம் கவனமாக இருங்கள். இந்தியாவில் கம்பனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று 2019 இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்களுக்கு 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. வண்டியில் கை வைக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். அதுதான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. "எல்லாம் சரி சேர். அந்த ரோட்ட நீங்க பாத்திருக்கீங்களா? ஸ்டைலுக்கா நான் உசத்தினேன்?"

உண்மையில் பார்த்திருக்கவில்லை. அந்த டிவிஷன் பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் படிப்பிக்கிறோம், ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறோம், ஆனால் மேலே போனதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனோம். தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிக்காகப் பாவிய கல் இன்னும் இருக்கிறது. ஒன்று விட்டு ஒன்று எழும்பி நிற்கிறது. பக்டரியைத் தாண்டியதும் கல்லும் முடிந்துவிட்டது. போக்கு உடைந்த இடத்தில் தண்ணீர் ரோட்டைப் பிளந்து ஒரு அடிக்கு மேல் பள்ளம். அவ்விடத்தில் எல்லோரும் இறங்கினோம், வண்டி மட்டும் முக்கிக்கொண்டு ஏறியது. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயும் இறங்கித்தான் நடந்தார். அப்போதுதான் விளங்கியது, பெட்டி போகும் இடம்வரை ரோட்டு என்ற பழைய கணக்கை இன்னும் யாரும் அழிக்கவில்லை என்று.

இதற்குச் சட்டத்திலும் காரணம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் தாராளமாகச் செலவழிக்க விடாமல் கட்டிப்போட்டிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், ஆனால் அவர்கள் ரோட்டுக்குச் சபை கல் போட முடியாது. பாராளுமன்றம் அதைத் திருத்தியது 2018 இல். முப்பது வருடத்துக்கு மேல் சென்றிருக்கிறது. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு, ரோட்டு யாருடையது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டினார். இன்றைக்குத் தடை இல்லை. ஆனால் கேட்காமல் எதுவும் வராது.

அவன் வண்டியைப் பற்றி முடிவெடுத்தது அவன்தான். நீள ஷேக்கிளைக் கழற்றிவிட்டு கம்பனி அளவையே பூட்டியிருக்கிறான். 33 அங்குல டயரை விற்றுவிட்டு 7.50-16 போட்டிருக்கிறான். அது 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் மெலிந்தது, உரசாமல் சுற்றுகிறது. பாரமையக் கணக்கைத் திரும்பப் போட்டு எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒரு இடத்தில் பிழை, திருத்தி அனுப்பினோம். கால் வைத்து ஏற, தாழ்வாக ஒரு இரும்புப் படியும் அடித்திருக்கிறான். அந்த அம்மாவுக்கு இனி ஏணி தேவையில்லை.

ரோட்டுக்கான மனுவை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உடைந்த போக்கின் படமும் 2018 திருத்தத்தின் பிரதியும் இணைத்தாயிற்று. கீழ் டிவிஷன் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், மேல் டிவிஷனில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. கொப்பி ஜீப்பின் முன் தட்டில் பேனையோடு இருக்கிறது. வரும் ஞாயிறு காலை எட்டு மணிவரை வண்டி டவுனில் பஸ் நிற்கும் இடத்தடியில் நிற்கும்.